கரடிமலைக்கு நாற்பது பில்லைகள்

பதினெட்டுப் பித்தளைப் பில்லைகளைத் தேடிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் கர்நாடகத்துக்குப் புறப்பட்டேன். தொழிற்சாலையில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோது சூப்பர்வைசர், "என்னம்மா, கல்யாணமா?" என்றார். "இல்ல சார், டோக்கன் தொலஞ்சிருச்சு" என்றேன். அவர் டூல் ரூமிலேயே தலை நரைத்தவர். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

என் ஊர் கல்தொட்டி. ஓசூரிலிருந்து இரண்டு மணி நேர பஸ். ஊருக்குப் பின்னால் கரடிமலை. வாரத்தில் ஆறு நாள் மூக்கண்டப்பள்ளியில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்த முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஊர் வனக்குழுவின் நோட்டு என் கையில் இருப்பதும் அதனால்தான்.

இரண்டு மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கார் காராக ஆட்கள் வந்து கரடிமலையில் ஏறுகிறார்கள். ஏறட்டும், மலை நல்ல மலை. ஆனால் ஏறும் வழி ஒற்றையடிப் பாதை. கூட்டம் சேர்ந்தால் எதிரே வருகிறவனுக்கு வழிவிட ஒருவன் புல்லில் இறங்குகிறான். அவசரக்காரன் ஒருவன் வளைவுகளைச் சுற்றாமல் நேராகச் சறுக்கி இறங்குகிறான். அவன் சறுக்கிய தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு மழைக்காலத்தில் அது ஆள் உயரப் பள்ளமாகிவிட்டது. அந்த வழியில்தான் என் அம்மாவும் ஊர்ப் பெண்களும் நெல்லிக்காயும் சீயக்காயும் பொறுக்கப் போகிறார்கள்.

வனத்துறை ரேஞ்சர் வந்து பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினார். "வேலி போட்டு மூடிடறேன். யாருக்கும் வழி கிடையாது" என்றார். யாருக்கும் என்றால் எங்களுக்கும்தான். நான் எழுந்து, மூட வேண்டாம், கூட்டத்தை நாங்கள் அளந்து விடுகிறோம், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

எத்தனை பேரை விடலாம் என்பதை நான் வானத்திலிருந்து பிடிக்கவில்லை. இரண்டு ஞாயிறு பாதையின் குறுகலான வளைவில் உட்கார்ந்து பார்த்தேன். மலையில் நாற்பது பேர் வரை இருந்தால் யாரும் பாதையை விட்டு இறங்கவில்லை. அதற்கு மேல் போனால் புல்லில் கால் விழுந்தது. ஆகவே நாற்பது. எங்கள் டூல் ரூமில் ஒரு வழக்கம்: பித்தளை டோக்கனைக் கொடுத்தால்தான் கருவி, கருவி திரும்பி வந்தால்தான் டோக்கன். அதையே மலைக்குப் பொருத்தினேன். கழிவுத் தகட்டில் வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்று முதல் நாற்பது வரை எண் குத்தி வாங்கி வந்தேன். அடிவாரத்தில் பலகை, பலகையில் நாற்பது ஆணி. ஏறுகிறவர் ஒரு பில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இறங்கியதும் மாட்ட வேண்டும். பலகை காலியென்றால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குள் பலகை காலி. நான் சிரித்த முகமாக இருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சிலர் இறங்கினார்கள். அதற்குப் பிறகு மூன்று மணி வரை யாரும் இறங்கவில்லை. காத்திருந்தவர்கள் திட்டிவிட்டுக் காரை எடுத்தார்கள். அதன் பிறகு பொழுது சாயும்வரை ஒவ்வொருவராக இறங்கியும் பலகையில் இருபத்திரண்டுதான் தொங்கின. என் கணக்குப்படி மலைமேல் பதினெட்டு உயிர்கள். வனத்துறை வாட்சர் முனிராஜையும் நாலு பேரையும் மேலே அனுப்பினோம். ஒருவரும் இல்லை என்று வந்தார்கள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அடிவாரத்தில் காத்திருந்த ஒரு கார் டிரைவருக்குக் கைப்பேசி அடித்தது. பேசிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "எங்க ஆளுங்க அந்தப் பக்கமா கர்நாடகாவுல எறங்கிட்டாங்களாம். வண்டிய சுத்திக்கினு வரச் சொல்றாங்க."

எங்கள் ஊரில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. எங்களுக்கு மலை என்றால் எங்கள் பக்கம் தெரியும் மலை. உச்சிக்குப் போவோம், திரும்பி வருவோம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு உண்டு என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

செய்தி அன்றிரவே ரேஞ்சருக்குப் போயிற்று. அவர் திட்டவில்லை. "அடுத்த ஞாயிறு நானே வந்து உக்காருவேன். கணக்கு நிக்கலேன்னா திங்கக்கெழம வேலி" என்றார். அவ்வளவுதான்.

தனியாக மலை தாண்டுவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். கரடிமலை என்ற பெயர் சும்மா வந்ததில்லை. ஆகவே நடந்தால் அரை நாள் ஆகும் இடத்துக்கு, மாநிலம் மாறி, பஸ் மாறி, ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் போனேன்.

எல்லையைத் தாண்டினதும் முதலில் மாறுவது கடைப் பலகைகளின் எழுத்து. இரண்டாவது இட்லி. பஸ் நிலையத்தில் ஒரு இட்லி கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். "ரெண்டு குடுக்கட்டா?" என்று சர்வர் கேட்டபோது பக்கத்து மேசைக்காரர், "பொண்ணு பயந்துருச்சு பாரு" என்றார். எனக்குக் கன்னடம் காதால் கேட்டால் புரியும், வாயால் பேசினால் தடுக்கும். எங்கள் ஊர்ச் சந்தையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சண்டை போடுவார்கள். அங்கே கற்றதுதான். இனி வரும் கன்னடப் பேச்சையெல்லாம் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது பஸ் ஒரு புளியமரத்தடியில் பெரிதாக இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இறங்கி கண்டக்டரைப் பார்த்தோம். "அடுத்த பஸ் எப்ப?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இதுதான் அடுத்த பஸ்" என்றார் கண்டக்டர்.

பட்டுக்கூடு விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு வேன் வந்தது. காலி மூங்கில் கூடைகளுக்கு நடுவில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை காட்டினேன். ஏற்றிக்கொண்டார்கள். கூடைகளில் பட்டுப்புழுவின் வாடை. ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்து மறந்தால் வருமே, அது. அவர்களுக்கு அது தெரிவதாகவே இல்லை. "புழு நாலாவது தடவை தோலுரிச்சுத் தூங்கி எழுந்துட்டா ராத்திரி பகலாத் தின்னும், தழை போட்டு மாளாது" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரர் தூங்காமலே அப்படித் தின்னுவார். கூடு மட்டும் கட்ட மாட்டார்" என்றாள் மற்றவள். சிரித்து முடித்ததும் எங்கே போகிறேன் என்று கேட்டார்கள். பித்தளைப் பில்லை என்று ஆரம்பித்தேன். இருவரும் ஒரே குரலில், "கெம்பம்மா கடை!" என்றார்கள்.

மலையின் முதுகில் இருக்கும் அந்த ஊரில், புங்க மரத்தடியில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. கெம்பம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். கையில் களிக் கோல். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பா, கூத்கோ" என்றார். வா, உட்கார். யார், என்ன என்று கேட்பதற்கு முன்னால் தட்டு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களிதான், இங்கே அதற்கு முத்தே என்று பேர். நாங்கள் கீரைக் கடைசலில் தோய்ப்பதை இவர்கள் அவரைக்கொட்டைச் சாற்றில் தோய்க்கிறார்கள். பல்லில் படாமல் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். விழுங்கினேன். அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார்.

"தமிழ்நாட்டுப் பொண்ணா? பில்லைக்கா வந்தே?"

"ஆமாங்கக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்பர் குத்தியிருக்கு. நம்பர் போட்டவ தேடிக்கிட்டு வராம இருப்பாளா?"

சுவரில் ஒரு கம்பியில் கோத்து மாட்டியிருந்தார். எண்ணினேன். பதினேழு. "இன்னொண்ணு?" என்றேன். கெம்பம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்குப் பின்னால் கை காட்டினார். ஒரு வெள்ளாடு நின்றிருந்தது. அதன் கழுத்தில் என் முப்பத்தொன்றாம் நம்பர்.

"அழகா இருந்துச்சு" என்றார். "சாப்பிட வந்தவங்க மேசையில வச்சிட்டுப் போனாங்க. யாருகிட்ட குடுக்கறதுன்னு அவங்களுக்கே தெரியல. ஒருத்தன் எனக்கு டிப்ஸுன்னு சொன்னான்."

அன்றிரவு அவர் வீட்டிலேயே படுத்தேன். அம்மாவுக்குத் தகவல் சொல்ல ஊர் முனைக்குப் போய் ஒரு ரூபாய் போன் பெட்டியில் பேச வேண்டியிருந்தது. பதினெட்டும் பையில் இருக்கிறது, நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொன்னேன். காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, எங்கள் குட்டையைப் பார்த்துவிட்டுப் போ என்று கெம்பம்மா கூப்பிட்டார். மலையடியில் முசுக்கொட்டைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் குட்டை. பாதிக் குட்டையில் தண்ணீர் இல்லை. செம்மண் வந்து மேடு தட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கமும் ஒரு பாதை, அந்தப் பாதையின் வளைவுகளை நேராக வெட்டிக்கொண்டு இறங்கும் ஒரு சறுக்குத் தடம். எங்கள் பள்ளத்தின் கூடப் பிறந்தது போல இருந்தது.

"ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பக்கமா எத்தனை பேர் ஏறறாங்கக்கா?"

"எண்ணினதில்லை. போன ஞாயிறு என் கடையில சோறு தீர்ந்து, ரவை தீர்ந்து, கடைசியில வெறும் டீ குடுத்தேன். எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழறாங்க."

எனக்குக் காது சூடாகியது. பலகையில் நாற்பது என்று நான் அங்கே கறாராக நின்றுகொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்திலிருந்து பில்லையே இல்லாமல் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியிருக்கிறது. டூல் ரூமுக்கு ஒரே ஜன்னல். மலைக்கு இரண்டு. நான் ஒரு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு முழு மலையையும் காவல் காப்பதாக நினைத்திருக்கிறேன். பில்லைகளைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினாலும் அடுத்த ஞாயிறு இதே கதைதான்.

குட்டைக் கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. கோபம் வந்தால் எனக்குக் கணக்கு நன்றாக வரும். பில்லைகள் மொத்தம் நாற்பது. அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு பலகை. ஏறுகிறவர் எந்தப் பலகையில் எடுத்தாலும் சரி, எந்தப் பக்கம் இறங்கினாலும் சரி, இறங்கிய இடத்துப் பலகையில் மாட்டட்டும். இரண்டு பலகையிலும் தொங்காதது எதுவோ அது மலைமேல் இருக்கிறது. எப்படிக் குலுக்கினாலும் மலைமேல் நாற்பதைத் தாண்டாது. பில்லைகளை நான் எடுத்துப் போகவே கூடாது. அவை இங்கே இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

கெம்பம்மாவிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"ஆளுங்களை நிறுத்தி வச்சா என் வியாபாரம்?"

"நிறுத்தி வச்சா எங்க போவாங்க? இங்கதானே உக்காரணும்?"

களிக் கோலை இறக்கி வைத்தார். "காத்துக்கிட்டு இருக்கறவனுக்குப் பசிக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு முகம் கறாரானது. "உன்கிட்ட எத்தனை?"

"இருபத்திரண்டு."

"எனக்குப் பதினெட்டா? மலை உங்க தாத்தா கட்டினதா?"

அரை மணி நேரம் பேரம். கடைசியில் ஆளுக்கு இருபது. குறைகிற இரண்டும் ஞாயிறு முதலில் இந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் கையில் வந்துவிடும் என்று சொன்னேன். ஒரு பழைய கட்டில் பலகையில் இருபது ஆணி அடித்தோம். ஆட்டின் கழுத்திலிருந்து முப்பத்தொன்றைக் கழற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆடு என்னை முட்டியது.

வெறும் பையோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள், "ஊருக்கு வெறுங்கையோடவா போறே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மாவும் அதையேதான் கேட்டாள், இன்னும் சத்தமாக: "பதினெட்டு பில்லையும் கெடச்சுதுன்னு போன்ல சொன்ன. அங்கயே குடுத்துட்டு வந்துட்டியா? இதுக்குத்தான் படிக்க வச்சமா?" ஒரு கரித்துண்டு எடுத்துச் சுவரில் மலை வரைந்து, இரண்டு பக்கமும் கோடு போட்டு விளக்கினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தக் கர்நாடகாக்காரி ஏமாத்தினா என்ன பண்ணுவ?" என்றாள்.  அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும் என்றேன்.

ஞாயிறு காலையிலேயே ரேஞ்சர் ஜீப்பில் வந்து பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முனிராஜ் கூட வந்திருந்தார். ஒன்பது மணிக்குப் பலகை காலி. பெஞ்சில் பெங்களூர் கம்பெனிக்காரர்கள் ஒரு வேன் நிறையக் காத்திருந்தார்கள். அதில் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து வந்தார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கோம் மேடம். ஒரு பித்தளைத் துண்டுக்காக வெயிட் பண்ணணுமா?"

"ஆமாங்க."

"யாரு வச்ச ரூல்?"

"நான் வச்சது. உக்காருங்க, மோர் குடிக்கிறீங்களா?"

ரேஞ்சர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்க்காதது போல இருந்தேன். பத்தரை மணிக்கு மேலேயிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி இறங்கி வந்தார்கள். காலையில் நான் அனுப்பாத முகங்கள். அந்தப் பெண் இரண்டு பில்லைகளை நீட்டினாள். "இதை இங்கே மாட்டலேன்னா ஊரே கேக்கற மாதிரி திட்டுவேன்னு அந்தக் கடைக்கார அம்மா சொன்னாங்க" என்றாள். வாங்கிப் பலகையில் மாட்டினேன். உடனே எடுத்து, தொப்பிக்காரரிடமும் அவர் நண்பரிடமும் கொடுத்தேன்.

ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்து, "முனிராஜ், மேல போ. எல்லாரையும் எண்ணு. ஒவ்வொருத்தர் கையிலயும் பில்லை இருக்குதான்னு பாரு" என்றார். இரண்டு மணி நேரத்தில் வர வேண்டியவர் மூன்றரை மணி நேரம் கழித்து வந்தார். சட்டைக் கை கிழிந்திருந்தது.

"முப்பத்தெட்டு பேரு சார். முப்பத்தாறு பேரு கையில பில்லை இருக்குது. ரெண்டு பேருகிட்ட இல்ல."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர். கெம்பம்மா யாரோ தெரிந்தவர்களைச் சும்மா விட்டுவிட்டாரா? 

"யாரு அந்த ரெண்டு பேரு?" என்றார் ரேஞ்சர்.

"இவங்க அம்மாவும் சின்னம்மாவும் சார். பில்லை எங்கன்னு கேட்டேன். ‘எனக்கே பில்லையா? எம் மவகிட்டப் போயி கேளு போ’ன்னாங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரேஞ்சர் சிரிக்கவில்லை. "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா? நெல்லிக்கா பொறுக்கறவங்க காலும் கால்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் முனிராஜ் பேசினார். "நெல்லிக்கா பொறுக்கல சார். உண்ணிமுள்ளுப் பொதர வெட்டி அந்தக் குறுக்குத் தடத்துல போட்டு அடைச்சிக்கினு இருக்காங்க. பள்ளத்துல கல்லு அடுக்கியிருக்காங்க, பாதி தூரம் ஆயிடுச்சு. அதான் சார் லேட்டு. சும்மா நிக்கறியே, இழுன்னு என்னையும் முள்ளு இழுக்க வச்சிட்டாங்க." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரே கீறல்.

எனக்கே இது தெரியாது. அம்மா என்னிடம் சொல்லவில்லை.

"சார்" என்றேன், "மலைய பாக்க வர்றவங்களுக்குத்தான் பில்லை. வழிய சரி பண்றவங்களயும் சேத்து எண்ணினா, அப்புறம் வழி போட யாரு ஏறுவாங்க? நீங்க வேலி போட்டிருந்தா இந்த ரெண்டு பேரும் வெளியிலதானே நின்னிருப்பாங்க?"

அவர் முனிராஜின் கையைப் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கினார். பார்வையாளர் முப்பத்தாறு என்று எழுதினார். பக்கத்தில் கோடு கிழித்து இன்னொரு கட்டம் போட்டு, "வழி வேலை" என்று தலைப்பு எழுதினார்.

"இதுக்கு எத்தனை பேரு வரைக்கும்னு போடறது?"

"எத்தனை பேரு வந்தாலும் வேலை இருக்குதுங்க சார்."

அந்தக் கட்டத்தை அளவு எழுதாமல் விட்டார். கீழே, வேலி தேவையில்லை, வழி ஊர்க் குழுவின் பொறுப்பில் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியைப் போட்டு, முத்திரையையும் குத்தி, ஊதிக் காயவைத்து என்னிடம் கொடுத்தார்.

பிறகு எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி, அந்தக் கல்லு அடுக்கினத நானும் ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வர்றேன்" என்றார். பலகையைப் பார்த்தார். காலி. பெஞ்சில் ஆறு பேர்.

"பாக்கப் போறீங்கன்னா வரிசைங்க சார்" என்றேன். "முள்ளு இழுக்கப் போறீங்கன்னா இப்பவே போலாம்."

ரேஞ்சர் முனிராஜின் கைகளை இன்னொரு முறை பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஏழாவது ஆளாக உட்கார்ந்தார்.